ஆணிக்காரர் வீதிக்கு விட்ட பேட்டரி

அவருடைய வேலை பேட்டரிகளைக் கொல்வது. இதை நாகரிகமாகச் சொல்ல வேறு வழி உண்டு. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் 'பாதுகாப்புச் சோதனைப் பிரிவு, முதுநிலை உதவியாளர்' என்றுதான் போட்டிருக்கிறது. ஆனாலும் நடப்பது கொலைதான். ஆராய்ச்சிக்கூடத்தில் படித்தவர்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு பேட்டரியைச் செய்து இவர் கையில் கொடுப்பார்கள். இவர் அதை இரும்புத் தரையில் போடுவார். உப்புத் தண்ணீரில் முக்கி எடுப்பார். சூட்டடுப்பில் வைத்து வாட்டுவார். அத்தனைக்கும் அசையாமல் இருந்தால், கடைசியாகத் தடித்த ஆணி ஒன்றை எந்திரத்தில் மாட்டி அதன் நடுவயிற்றில் இறக்குவார். புகைந்தால் 'புகைந்தது' என்று பதிவு செய்வார். எரிந்தால் முதலில் அணைத்துவிட்டுப் பதிவு செய்வார். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. கூடத்தில் எல்லோருக்கும் அவர் ஆணிக்காரர்.

வீட்டுக்கு வந்தால் ஆள் தலைகீழ். டிவி ரிமோட்டுக்கு ஓர் உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க அதற்கு மேல் இன்னோர் உறை. சோபா வாங்கிய அன்று கடைக்காரன் சுற்றிக்கொடுத்த பிளாஸ்டிக் தாள் இன்றுவரை பிரிக்கப்படவில்லை. வெயில் காலத்தில் அதில் உட்கார்ந்து எழுந்தால் தோல் நம்மோடு வருகிறதா, அங்கேயே தங்கிவிட்டதா என்று தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி டம்ளர் ஒரு செட் அலமாரியில் இருக்கிறது. "நல்ல மனுஷங்க யாராவது வந்தா எடுக்கலாம்" என்பார். "அப்ப நாங்கல்லாம் யாரு?" என்று அவர் மனைவி கேட்பாள். அவர் அலமாரிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். பகல் முழுக்க உடைக்கிற கை வீட்டில் வந்து பாவத்தைக் கழுவுகிறது என்பது என் கணிப்பு. அவரிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அந்த மனிதருக்கு ஒரே ஒரு குறை உண்டு. மீசை அரும்பிய வயதில் அந்தக் கூடத்தில் சேர்ந்தவருக்கு இப்போது மீசை நரைத்துவிட்டது. அவர் கையால் செத்த பேட்டரிகளுக்குக் கணக்கில்லை. பிழைத்தவையும் சில உண்டு. ஆணி இறங்கியும் புகையாமல் கிடக்கும். எல்லோரும் கை தட்டுவார்கள், நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பிறகு தொழிற்சாலைக்காரர்கள் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். ஒன்றுக்கு விலை கட்டாது. ஒன்றுக்கு வேண்டிய சரக்கு உலகத்தில் ஏதோ ஒரு மூலையில் ஒரே ஒரு சுரங்கத்தில்தான் கிடைக்கும். இன்னொன்று ஏசி அறையில் மட்டும் வேலை செய்வேன் என்று அடம் பிடிக்கும். கடைசியில் அத்தனையும் கூடத்துத் தாழ்வாரத்தில் இருக்கும் கண்ணாடி அலமாரிக்குப் போய்ச் சேரும். அந்த அலமாரியைத் தூசி தட்டுவதும் ஆணிக்காரர்தான். இத்தனை வருஷத்தில் ஒன்றுகூட வாசல் தாண்டி, வீதியில் போய், ஒரு மனுஷன் கையில் உழைத்ததை அவர் பார்த்ததில்லை. அது அவருக்கு வலித்தது. வெளியே சொல்ல மாட்டார்.

வெளியே சொல்லாவிட்டாலும் தெரு விடுமா? செய்தித்தாளில் 'புதிய பேட்டரி கண்டுபிடிப்பு' என்று வரும்போதெல்லாம் யாராவது மடக்கிக் கேட்பார்கள், எப்போது கடைக்கு வரும் என்று. அவரும் சளைக்காமல் "அடுத்த வருஷம்" என்பார். சொல்லும்போது நம்பித்தான் சொல்வார். இதில் மோசமான ஆள் அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. கடைவீதியில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறான், பழைய காலத்து ஆசிட் பேட்டரி. "ஏன் மாமா, உங்க பேட்டரி கடைக்கு வர்றப்ப கடையே இருக்குமா, இல்ல என் பேரன் வந்து திறக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, தானே சிரித்து முடிப்பான்.

இந்த நிலையில்தான் சோடியத்தில் செய்த ஒரு புதுவகை வந்தது. உப்பில் இருக்கிற சமாச்சாரம்தான், சுரங்கம் தேடி அலைய வேண்டாம், விலையும் கையைக் கடிக்காது. ஆணிக்காரர் தரையில் போட்டார், முக்கினார், வாட்டினார், ஆணியை இறக்கினார். ஒரு பேட்டரியை எத்தனை விதமாகக் கொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் கொல்லப் பார்த்தார். ஒன்றும் புகையவில்லை. அன்று வீட்டில் சாப்பிடும்போது மகளிடம், "அது ஒரு நல்ல பிள்ளைம்மா" என்றார். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு, தன்னைப் பற்றி அப்பா அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

கூடத்தின் தலைவி ஒரு டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பேட்டரியில் பட்டம் வாங்கிய டாக்டர். அந்த அம்மா எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"லேப்ல இது பாஸ் ஆயிடுச்சு. இனிமே வீதியில பாஸ் ஆகணும். சாதாரண ஆளு, சாதாரண வண்டி, தினப்படி வேலை. மழைக்காலம் முடியுற வரைக்கும் ஓடட்டும். கூடவே ஒரு சின்ன கறுப்புப் பெட்டி வச்சிடுவோம், எவ்வளவு இழுத்துச்சு, எவ்வளவு சூடாச்சு எல்லாம் அது பதிவு பண்ணும். அந்தப் பதிவைப் பார்த்துத்தான் ஃபேக்டரிக்காரங்க முடிவு சொல்வாங்க. சரிப்படலைன்னா இதுவும் அலமாரிதான்."

அலமாரி என்ற சொல்லே ஆணிக்காரருக்குப் போதும். பக்கத்தில் இருந்தவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்றுவிட்டார்.

"மேடம், எங்க வீட்டுல ஒரு லோடு வண்டி இருக்கு."

வண்டி அவருடையதில்லை, மனைவியுடையது. மூன்று சக்கரம், பின்னால் திறந்த தொட்டி. அதில் குடிதண்ணீர் கேன்களை அடுக்கி வீடு வீடாகப் போடுவது அவள் தொழில். கேனை இடுப்புக்கும் தோளுக்கும் இடையில் ஏற்றி, மூன்றாவது மாடிக்குப் போய்க்கொண்டே போனில் அடுத்த வாடிக்கையாளரிடம் பேசக்கூடிய பெண்மணி. அவளுடைய கஷ்டம் மேட்டுத் தெரு. பெயருக்கேற்ற செங்குத்தான மேடு. தம்பி கடையில் வாங்கிய பேட்டரி பாதி மேட்டில் பெருமூச்சு விட ஆரம்பித்திருந்தது. மேலே இருக்கிற பல் டாக்டர், தையல்கடைக்காரர், வாத்தியாரம்மா எல்லோரும் "இன்னைக்காவது வருமா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கேள்வி முற்றினால் வேறு ஆளிடம் தண்ணீர் வாங்கப் போய்விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் அதிகம் யோசிக்கவில்லை. "மேடு ஏறுமா?"

"ஏறும்."

"அப்ப மாட்டுங்க."

புது பேட்டரியை மாட்டுகிற அன்று மச்சினனும் வேடிக்கை பார்க்க வந்தான். "உப்புல செஞ்சதுன்னு சொல்றீங்க. மழையில கரைஞ்சிடாதே மாமா?" என்றான். ஆணிக்காரர் அவனைப் பார்த்த பார்வையில் ஆணி இருந்தது.

முதல் நாளே வண்டி மேட்டுத் தெருவை ஒரே மூச்சில் ஏறிவிட்டது. அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. எல்லாம் நல்லபடியாகப் போயிருக்கும், இவர் சும்மா இருந்திருந்தால்.

மனிதர் இதைத் தாங்கு தாங்கு என்று தாங்க ஆரம்பித்தார். விடிந்ததும் முதல் வேலை தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பேட்டரிக்குச் சூடு பார்ப்பது. "அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு நாளாவது இப்படிப் பாத்தியாப்பா?" என்று மகள் கேட்டாள். காதில் விழாத மாதிரி போய்விட்டார். பிறகு சட்டங்கள் வந்தன. தொட்டி நிறைய அடுக்கக் கூடாது. வேகமாகப் போகக் கூடாது. பள்ளம் தெரிந்தால் இறங்கி ஓரமாக உருட்ட வேண்டும். வெயில் ஏறினால் நிழலில் நிறுத்தி இளைப்பாற வேண்டும். இளைப்பாற வேண்டியது அவளல்ல, பேட்டரி.

சட்டம் போட்டால் போதாது என்று காவலுக்கும் கிளம்பினார். கூடத்தில் சொல்லி மதியப் பணிக்கு மாற்றிக்கொண்டு, காலையில் அவளோடு வண்டியில் ஏறிக்கொண்டார். மேட்டுத் தெருவின் அடிவாரம் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, கேன்களை இறக்கி, ஒவ்வொன்றாகத் தன் தோளில் வைத்து மேலே கொண்டுபோய்ப் போட்டார். காலி வண்டி பூப்போல மேடு ஏறியது. பின்னால் இவர் நாக்குத் தள்ள ஏறினார். பல் டாக்டர் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, புது ஆளா என்று அவளிடம் கேட்டார். "இல்ல சார், பழைய ஆளுதான். இப்பதான் உபயோகத்துக்கு வந்திருக்கு" என்றாள்.

மழை வந்தபோதுதான் சண்டை முற்றியது. தையல்கடை வாசலில் வண்டி நின்றிருந்தது, நல்ல சாரல். ஆணிக்காரர் குடையை விரித்தார். அவள் அதற்குள் வர ஓர் எட்டு எடுத்து வைத்தாள். குடை அவளைத் தாண்டிப் போய்ப் பேட்டரிப் பெட்டிக்கு மேல் நின்றது. அவளுக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

"தண்ணியில முக்கிப் பாத்துட்டேன், ஒண்ணும் ஆகலைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது லேப்புல."

"அங்க இருக்கிறது வேற தண்ணியா?"

"உனக்குப் புரியாது. இது ஒண்ணுதான் வெளிய வந்திருக்கு."

"கல்யாணமாகி இவ்வளவு வருஷத்துல எனக்கு ஒரு தடவை குடை பிடிச்சிருப்பீங்களா நீங்க?" என்றாள். பிடித்திருக்கிறாரா என்று அவர் உண்மையாகவே யோசித்தார். அந்த யோசனை அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

மழைக்காலத்தின் பாதியில் டாக்டர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். நல்ல செய்தி என்று நினைத்துத் தலையை வாரிக்கொண்டு போனார். டாக்டர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். கறுப்புப் பெட்டியின் பதிவு அதில் ஒரு கோடாக ஓடியது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, தூங்குகிற குழந்தை மாதிரி கிடந்தது.

"ஃபேக்டரிக்காரங்க இதைப் பாத்துட்டு என்ன கேட்டாங்க தெரியுமா?" என்றார் டாக்டர். "இது தண்ணி வண்டியா, இல்ல ஷோகேஸ்ல இருக்கிற பொம்மை வண்டியான்னு கேட்டாங்க. மேட்டுத் தெருன்னு சொல்றீங்களே, அங்க மேடு இருக்கா இல்லையான்னு கேட்டாங்க."

"இருக்கு மேடம்."

"அப்ப அதை யாரு ஏறினது?"

ஆணிக்காரர் தரையைப் பார்த்தார். பிறகு ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்: தோள், குடை, தெர்மாமீட்டர், நிழலில் இளைப்பாறியது. டாக்டர் திட்டுவார் என்று பார்த்தால், கையை முகவாயில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதே வகை பேட்டரிக்குத்தானே நீங்க ஆணி அடிச்சீங்க? அப்ப கை நடுங்கலையே?"

"அது உள்ள, மேடம். உள்ள செத்தா இன்னொண்ணு செஞ்சுக்கலாம். வெளிய செத்தா..." அவர் தாழ்வாரத்துப் பக்கம் கையைக் காட்டினார். "வெளிய செத்தா அலமாரிதானே மேடம்?"

"நீங்க இப்படிக் காப்பாத்தினாலும் அலமாரிதான்" என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. "உழைக்காத பேட்டரிய நம்பி எவன் மெஷின் போடுவான்? மழைக்காலம் முடியுறதுக்குள்ள நிஜமா உழைச்ச பதிவு வேணும். இல்லேன்னா முடிச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. தயவுசெஞ்சு கையை எடுங்க."

அன்று சாயங்காலம் அவர் வண்டிச் சாவியையும் தெர்மாமீட்டரையும் மனைவி முன்னால் வைத்தார். "இனிமே நான் வரலை. நீ உன் இஷ்டத்துக்கு ஓட்டு" என்றார். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற தகப்பன் மாதிரி முகம் இருந்தது. அவள் சாவியை எடுத்துக்கொண்டாள். தெர்மாமீட்டரை மகள் எடுத்து மருந்துப் பெட்டியில் போட்டாள்.

அதன் பிறகு அந்தப் பேட்டரி பட்ட பாட்டை ஆராய்ச்சிக்கூடம் கனவிலும் நினைத்திருக்காது. தொட்டி கொள்ளாமல் கேன், கேனுக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய இரும்புக் கட்டில், கட்டிலுக்கு மேல் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். பள்ளத்தில் விட்டு எடுத்தாள். கொட்டுகிற மழையில் நிறுத்திவிட்டுக் கணக்குத் தீர்க்கப் போனாள். சார்ஜ் போடுவதை ஒரு நாள் மறந்தாள், மறுநாள் ஞாபகம் வந்து இரண்டு மடங்கு நேரம் போட்டாள். ஆணிக்காரர் ஜன்னல் திரையை ஒதுக்கிப் பார்ப்பார், கண்ணை மூடிக்கொள்வார், மறுபடி பார்ப்பார். ஆனாலும் வாய் திறக்கவில்லை. இதற்காகவாவது அந்த மனிதரை மெச்ச வேண்டும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு மழைநாள் காலையில், அவர் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்த நேரத்தில் போன் வந்தது.

"என்னங்க, வண்டி நின்னுடுச்சு."

"எங்க?"

"மேட்டுல. பாதியில."

துண்டோடு ஓடியிருப்பார், மகள் பிடித்துச் சட்டையைக் கொடுத்தாள். போய்ப் பார்த்தால் நடு மேட்டில் வண்டி, பின்சக்கரத்துக்கு ஒரு கல், சுற்றிலும் சின்னக் கூட்டம். மச்சினன் எப்படி மோப்பம் பிடித்தானோ, கையில் கயிற்றோடு நின்றிருந்தான். "கரைஞ்சிடுச்சா மாமா?" என்றான். அவருடைய முகத்தைப் பார்த்ததும் அவனுக்கே சிரிப்பு அடங்கிவிட்டது. கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, "தள்ளிடலாம் மாமா, விடுங்க" என்றான்.

தள்ளத் தேவை இருக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து அவள் சாவியைத் திருப்பினாள், வண்டி ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்பியது. இரண்டு வீடு தாண்டியதும் மறுபடி நின்றது. மறுபடி பொறுத்தார்கள், மறுபடி கிளம்பியது. பேட்டரி செத்துப்போகவில்லை. சூடு எல்லை மீறும்போது தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது என்பது ஆணிக்காரருக்குப் புரிந்துவிட்டது. அணைந்த ஒவ்வொரு தடவையும் கறுப்புப் பெட்டி அதைப் பதிவு செய்திருக்கும் என்பதும் புரிந்தது.

வீட்டு வாசலில் வண்டியை விட்டதும் அவள் முகம் கழுவ உள்ளே போனாள். அவர் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். கறுப்புப் பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் வெளியே வருகிறது. அதைப் பிடுங்கி, பதிவை அழித்து, மழையில் ஒயர் கழன்றுவிட்டது என்று சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. நேற்றுவரை உழைத்த பதிவை டாக்டரிடம் ஏற்கெனவே கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. இந்த ஒரு நாள் பதிவு மட்டும் இல்லாமல் போனால் பேட்டரி தொழிற்சாலைக்குப் போகும், கடைக்கு வரும், வீதியில் ஓடும். பொய் சொல்லிப் பழக்கமில்லாத கை ஒயரைத் தொட்டுக்கொண்டே இருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

பின்னால் ஈர முகத்தோடு அவள் நின்றிருந்தாள். அவர் கையை எடுக்கவும் இல்லை, ஒயரைப் பிடுங்கவும் இல்லை.

"இந்த ஒரு நாள் மட்டும் இல்லேன்னா இது தப்பிச்சிடும்" என்றார்.

அவள் வந்து அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "இங்க பாருங்க. நாளைக்கும் நான் அந்த மேட்டைத்தான் ஏறணும். எனக்கு மேடு ஏறுற பேட்டரி வேணும். ஏறுச்சுன்னு எழுதி வச்ச பேட்டரிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவர் ஒயரை விட்டார். அவளே தன் தலைத்துண்டால் கறுப்புப் பெட்டியின் மேலிருந்த மழைத்தண்ணீரைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் டாக்டரே நேரில் வந்தார். பதிவைப் பார்த்தும் பிடிபடவில்லை என்றார். லேபில் இதைவிடப் பெரிய பாரத்தை ஏற்றியிருக்கிறார்கள், இதைவிடச் செங்குத்தாகவும் ஏற்றியிருக்கிறார்கள், சூடு இந்த அளவுக்குப் போனதே இல்லை. "நீங்க எப்பவும் போல ஓட்டுங்கம்மா, நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்று சொல்லி, தொட்டியில் கேன்களுக்கு நடுவே ஒரு கேனாக உட்கார்ந்துகொண்டார். ஆணிக்காரர் இன்னொரு மூலையில் ஒண்டிக்கொண்டார்.

மேட்டுத் தெருவில் முதல் நிறுத்தம் வாத்தியாரம்மா வீடு. வண்டி வாசலுக்கு நேரே நின்றது. வாத்தியாரம்மா வெளியே வந்தார். முதலில் கால் வலி பற்றிப் பேசினார்கள். பிறகு சாக்கடை அடைத்துக்கொண்டது பற்றி. பிறகு பல் டாக்டர் வாடகையை ஏற்றப்போகிறார் என்பது பற்றி, தாழ்ந்த குரலில். பின்னால் உட்கார்ந்திருப்பது டாக்டர் என்று தெரிந்ததும், வாத்தியாரம்மா முழங்காலை அவரிடம் காட்டி ஒரு மருந்து கேட்டார். இவ்வளவு நேரமும் வண்டி மேட்டில் ஆடாமல் அசையாமல் நின்றது. ஆனால் மோட்டார் மட்டும் அடித்தொண்டையில் முனகிக்கொண்டே இருந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் டாக்டர். "வண்டி நிக்குதே, மோட்டார் ஏன் சத்தம் போடுது?"

"விட்டா பின்னாடி உருண்டுடும்ல மேடம்? லேசா ஆக்ஸிலேட்டரைப் பிடிச்சுக்கிட்டே இருக்கேன்."

"ஹேண்ட் பிரேக் இல்லையா?"

"இருக்கு. அதை இழுக்கிறதுக்குத் தனியா ஒரு ஆளு வேணும். பேசுற நேரத்துக்கு இதான் வசதி."

டாக்டர் மேட்டில் கீழேயும் மேலேயும் பார்த்தார். காய்கறி வண்டி ஒன்று ஒரு வாசலில் நின்றபடி முனகியது. கேஸ் சிலிண்டர் வண்டி இன்னொரு வாசலில் முனகியது. அந்தத் தெருவில் பிரேக் போட்டு நிற்கிற வண்டி ஒன்றுகூட இல்லை. டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கேன் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். ஆணிக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். எத்தனையோ நாள் காலையில் வண்டியிலேயே வந்தவர், கேனைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் இதைக் கவனிக்கவே இல்லை.

"நாம லேப்ல ஓட்டுறோம், நிறுத்துறோம்" என்றார் டாக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஓடாமலும் நிக்காமலும் மேட்டுல தொங்கிக்கிட்டு ஊர்க்கதை பேசுற சோதனைய நாம பண்ணவே இல்ல."

"இப்ப அலமாரியா மேடம்?" என்று கேட்டார் ஆணிக்காரர்.

"என்ன பழுதுன்னே தெரியாதவனுக்குத்தான் அலமாரி. நமக்குத் தெரிஞ்சுபோச்சே."

சூட்டை வெளியே கடத்த உள்ளே தகடுகள் வைத்தார்கள். அதற்கு மழைக்காலம் போய் வெயில் காலமும் வந்துவிட்டது. தொழிற்சாலைக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், டாக்டர் அவர்களையும் ஒரு தடவை தொட்டியில் உட்காரவைத்து மேடு ஏற்றினார், அதன் பிறகு தலையாட்டினார்கள். ஆணிக்காரருக்கு லேபில் புது எந்திரம் ஒன்று வந்தது. அதில் மோட்டாரைச் சுற்றவும் விடாமல் நிற்கவும் விடாமல் பிடித்து வைக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, "வாத்தியாரம்மா பேசி முடிக்கிற வரைக்கும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சோதனைக்கு வாத்தியாரம்மா சோதனை என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த அம்மாவுக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம்.

கடைசியில் பேட்டரி கடைக்கு வந்தது. எந்தக் கடைக்கு என்கிறீர்கள்? மச்சினன் கடைக்குத்தான். வாசலில் பெரிய பலகை, 'உப்பு பேட்டரி கிடைக்கும்' என்று. வருகிறவர்களிடம், "நான் அப்பவே சொன்னேன், எங்க மாமாதான் நம்பலை" என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா வண்டிக்கு அவனே பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினான். இந்த முறை கறுப்புப் பெட்டி கிடையாது. ஆணிக்காரர் அந்தப் பக்கமே வரக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு, மனைவி உத்தரவு, மகள் உத்தரவு.

முதல் நாள் அவருக்கு லேபில் இருப்புக் கொள்ளவில்லை. ஆணியைத் தப்பான பேட்டரியில் இறக்கினார். மதியம் போன் செய்யலாமா என்று எடுத்தார், வைத்தார். மேட்டில் நின்றிருந்தால் அவளே கூப்பிட்டிருப்பாள். கூப்பிடவில்லை என்றால் போன் நனைந்து கெட்டுப்போயிருக்குமோ என்றும் தோன்றியது. அன்று மழையே இல்லை. மணி அடித்ததும் முதல் ஆளாக வாசலைத் தாண்டினார்.

வீட்டில் அவள் தரையில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இவர் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"பஞ்சர்ங்க" என்றாள் அவள், நிமிராமலே. "அதுவும் காலைலயே. பல் டாக்டர் வேற வாசல்ல மூணு படி புதுசா கட்டி வச்சிருக்காரு, கேனைத் தூக்கிட்டு ஏறவே முடியல. வாத்தியாரம்மா ஊருக்குப் போறாங்களாம், அடுத்த வாரம் தண்ணி வேணாம்னுட்டாங்க."

"அதெல்லாம் சரி. பேட்டரி?"

அவள் சட்டையை மடித்தபடியே கேட்டாள். "எந்த பேட்டரி?"

கேலி செய்கிறாளோ என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. நிஜமாகவே அவளுக்கு ஞாபகம் இல்லை. நாள் முழுக்க மேட்டில் ஏறி, இறங்கி, தொங்கி நின்று கதை பேசிவிட்டு வந்தவளுக்கு அது ஒரு விஷயமாகவே இருக்கவில்லை. அவருக்கு முதலில் சுருக்கென்றது. தன் வயசெல்லாம் கரைந்தது, 'எந்த பேட்டரி?' என்று இவள் கேட்பதற்கா என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷமாக அவர் கேட்கக் காத்திருந்தது இந்தக் கேள்வியைத்தான்.

அவள் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "ஏங்க, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல" என்று அவர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, மடிக்க ஒரு துணியை எடுத்துக்கொண்டார். "பஞ்சர் எந்தச் சக்கரத்துல?"